பார்ன்ல தங்கப் போறீங்களா? எல்லாரும் எங்ககிட்ட கேக்குற கேள்விகள்

நாங்க இங்கிலாந்துல வருஷத்துக்கு ஒரு தடவையாவது கன்ட்ரிசைடு பக்கம் ஒரு பார்ன், அதாவது வீடா மாத்தின பண்ணைக் கட்டடம், எடுத்து தங்கிட்டு வருவோம், யார்க்‌ஷயர் டேல்ஸ், பீக் டிஸ்ட்ரிக்ட், ஷ்ராப்ஷயர்னு ஆறேழு இடம் ஆச்சு. ஒவ்வொரு தடவை போட்டோ போட்டதும் குரூப்ல அதே கேள்விங்க தான் வருது, வாய்ஸ் மெசேஜ்ல சொல்லிச் சொல்லி தொண்டை காஞ்சு போச்சு, அதான் ஒரே இடத்துல எழுதி வச்சிடலாம்னு. ஒண்ணு மட்டும் முதல்லயே சொல்லிடுறேன், இது ஹோட்டல் இல்ல. போனப்புறம் பாத்துக்கலாம்னு கிளம்புற ஆளுங்களுக்கு இது செட் ஆகாது, ஏன்னா போனப்புறம் பாக்குறதுக்கு அங்க ஆடு மட்டும் தான் இருக்கும்.

பார்ன்னா மாட்டுக் கொட்டாய் தானே, அதுலயா காசு குடுத்து தங்குறீங்க?

இது எங்க மாமியார் கேட்டது. பாதி சரி தான். டேல்ஸ் பக்கம் வயலுக்கு நடுவுல கல்லால கட்டின சின்னச் சின்ன பார்ன் நிறைய பாக்கலாம், கீழ குளிர்காலம் முழுக்க மாடு, மேல பரண்ல அதுக்கு வேண்டிய காஞ்ச புல்லு. தெற்குப் பக்கம் இருக்குற பெரிய பார்ன் கதையே வேற, அது தானியத்துக்குக் கட்டினது. நம்ம ஊர்ல கதிரடிக்க களம் இருக்கும்ல, காத்து வர்ற நேரம் பாத்து தூத்துவாங்கல்ல, இங்க எப்பப் பாத்தாலும் மழை, அதனால களத்துக்கே கூரை போட்டுட்டாங்கன்னு வச்சுக்கங்க. ரெண்டு பக்கமும் வண்டி நுழையுற உயரத்துக்கு கதவு, ரெண்டையும் திறந்து விட்டா நடுவுல காத்து ஓடும், அங்க நின்னு அடிச்சு தூத்துவாங்க. இப்ப நீங்க போட்டோல பாக்குற, தரையில இருந்து கூரை வரைக்கும் போற அந்தப் பெரிய கண்ணாடி ஜன்னல் இருக்கே, பெரும்பாலும் அந்தக் கதவு இருந்த இடம் தான் அது. சுவத்துல குறுகலா நீட்டமா சந்து மாதிரி இருக்கும், அது தானியத்துக்குக் காத்து போக. முகட்டுக்குக் கீழ சின்னதா ஒரு ஓட்டை இருந்தா அது ஆந்தைக்கு, உள்ள வந்து எலி பிடிக்கட்டும்னு வேணும்னே விட்டது. எங்க பையன் ஒரு ராத்திரி முழுக்க அதையே பாத்துட்டு இருந்தான், கண்ணாடி போட்டு மூடியிருந்தாங்கன்னு காலைல தான் தெரிஞ்சுது.

மாத்தாத பழைய பார்ன் எப்படி இருக்கும்னு பாக்கணும்னா ஆக்ஸ்ஃபர்ட்ஷயர்ல கிரேட் காக்ஸ்வெல் பார்ன் போய்ப் பாருங்க, 13-ம் நூற்றாண்டுக் கடைசில துறவிங்க கட்டினது, இப்ப நேஷனல் டிரஸ்ட்னு பழைய இடங்களப் பாதுகாக்குற அமைப்பு வச்சிருக்கு. உள்ள நின்னு அண்ணாந்து பாத்தா கோயில் மண்டபம் மாதிரி இருக்கும். அங்க தங்க முடியாது, பாக்க மட்டும் தான்.

போட்டோல ஒண்ணு பழைய கல்லு கட்டடம், இன்னொண்ணு தகர ஷெட்டு மாதிரி இருக்கு, ரெண்டும் பார்ன்னு தான் போட்டிருக்காங்களே?

ரெண்டும் பார்ன் தான். 2014ல இங்கிலாந்துல ரூலை மாத்தி, முழு பிளானிங் பெர்மிஷன் வாங்காமலே விவசாயக் கட்டடத்த வீடா மாத்திக்கலாம்னு விட்டாங்க, நேஷனல் பார்க் உள்ள இருக்குறது, லிஸ்டட் கட்டடம் (பழமைக்காக சட்டம் பாதுகாக்குறது) மாதிரி சிலதுக்கு அந்த சலுகை கிடையாது. அதுக்கப்புறம் இரும்புத் தூண் வச்ச சமீபத்து ஷெட்டெல்லாம் கூட அழகான வீடாயிடுச்சு. எது நல்லதுன்னு கேட்டா, பழைய கல்லு பார்ன்ல அழகு ஜாஸ்தி, ஜன்னல் சின்னது, உத்தரம் தலையில இடிக்கும். புதுசுல வெளிச்சமும் சூடும் நல்லா இருக்கும். குளிர்காலத்துல நான் புதுசத் தான் எடுப்பேன், வீட்டுக்காரர் ஒத்துக்க மாட்டாரு, அவருக்கு உத்தரம் வேணும்.

செல்ஃப் கேட்டரிங்னா சரியா என்ன தருவாங்க?

பாத்திரம், அடுப்பு, ஃபிரிட்ஜ், கெட்டில், தட்டு டம்ளர், பெட்ஷீட் இதெல்லாம் பொதுவா இருக்கும். டவல் சில இடத்துல இருக்கும் சில இடத்துல இருக்காது, கேட்டுக்கங்க. சமைக்குறது, கழுவுறது, குப்பை எடுத்து வைக்குறது எல்லாம் நம்ம வேலை. போனதும் டேபிள் மேல பால், பிரெட், கேக்னு ஏதாவது வச்சிருந்தா அது ஓனரோட நல்ல மனசு, அதை நம்பிப் போகாதீங்க. டிஷ்வாஷர் மாத்திரை ரெண்டு, டாய்லெட் ரோல் ஆளுக்கு ஒண்ணுன்னு கணக்கா வச்சிருப்பாங்க, ஒரு வாரம்னா கையில கொண்டு போயிடுங்க.

எப்ப புக் பண்றது? ஸ்கூல் லீவ்ல விலை தாறுமாறா இருக்கே?

இருக்கும். ஜூலை கடைசில இருந்து ஆறு வாரம், அப்புறம் அக்டோபர், பிப்ரவரி, மே மாசத்து ஹாஃப் டெர்ம் (டெர்ம் நடுவுல வர்ற லீவ்), ஈஸ்டர், கிறிஸ்துமஸ், இப்பெல்லாம் வாய்க்கு வந்த விலை. எங்க அனுபவத்துல ஆகஸ்ட்ல ஒரு வாரத்துக்குக் குடுக்குற காசுல நவம்பர்ல கிட்டத்தட்ட ரெண்டு வாரம் தங்கலாம். அதுக்காக ஸ்கூலுக்கு மட்டம் போடலாமான்னு கேக்குறவங்களுக்கு, இங்கிலாந்துல 2024 ஆகஸ்ட்ல இருந்து அஞ்சு நாள் அனுமதி இல்லாம லீவ் எடுத்தா ஒரு பிள்ளைக்கு ஒவ்வொரு பெத்தவங்களுக்கும் 80 பவுண்டு ஃபைன் வரலாம், 21 நாளுக்குள்ள கட்டலைன்னா அது 160. அம்மா அப்பா ரெண்டு பேரு, ரெண்டு பிள்ளைங்கன்னா பெருக்கிப் பாத்துக்கங்க. சீசன்ல பெரும்பாலும் வாரக் கணக்குல தான் தருவாங்க, வெள்ளி டு வெள்ளி இல்ல சனி டு சனி. மத்த நேரத்துல மூணு ராத்திரி வீக்கெண்ட், நாலு ராத்திரி வார நடுவுலன்னு பிரிச்சுக் குடுப்பாங்க, அந்த வார நடு நாலு ராத்திரி தான் எப்பவும் சீப்.

புக் பண்ணிட்டு 14 நாளுக்குள்ள கேன்சல் பண்ணா காசு திரும்பி வரும் தானே?

இல்ல. இதுல தான் நிறைய பேர் ஏமாந்து போறாங்க. ஆன்லைன்ல பொருள் வாங்கினா இருக்குற அந்த 14 நாள் உரிமை, குறிப்பிட்ட தேதிக்கு எடுக்குற தங்குற இடத்துக்குக் கிடையாது. எல்லாம் அவங்க கேன்சலேஷன் கண்டிஷன் படி தான். பொதுவா முதல்ல ஒரு பகுதி கட்டணும், மீதியை ஆறு எட்டு வாரத்துக்கு முன்னாடி, அதுக்கப்புறம் கேன்சல் பண்ணா போனது போனது தான். கிரெடிட் கார்டுல கட்டுறது நல்லது, 1974 கன்ஸ்யூமர் கிரெடிட் சட்டத்துல 75-வது பிரிவு படி 100 பவுண்டுக்கு மேல 30,000 வரைக்கும் விலை இருந்தா, சொன்னபடி அவங்க நடந்துக்கலைன்னா கார்டு கம்பெனிகிட்டயும் கேக்கலாம். நடுவுல ஒரு ஏஜென்சி காசு வாங்கினா இது சிக்கலாகும், அதனால காசு யாருக்குப் போகுதுன்னு பாத்துக்கங்க. யாராவது தனியா பேங்க் டிரான்ஸ்ஃபர் பண்ணுங்க, டிஸ்கவுண்ட் தரேன்னு மெசேஜ் பண்ணா அந்தப் பக்கமே போகாதீங்க.

எட்டு பேர் தங்கலாம்னு போட்டிருக்கு, நாங்க எட்டு பேர், சரியா இருக்குமா?

அந்த எட்டுல சோபா பெட்டும் சேர்ந்திருக்கான்னு பாருங்க. ஃப்ளோர் பிளான் இருந்தா கேட்டு வாங்குங்க. பார்ன்ல ஒரு விசேஷம், நிறைய இடத்துல கூரை உயரத்த ரசிக்கட்டும்னு ஹாலும் கிச்சனும் மாடில, படுக்குற ரூம் கீழ. அப்பா அம்மாவக் கூட்டிட்டுப் போறீங்கன்னா, ஒரு காபிக்கு எத்தனை தடவை படி ஏறுவாங்கன்னு யோசிங்க. இன்னொரு வகை, நடுவுல முழுக்கத் திறந்த ஹால், மேல ஓரமா பரண் மாதிரி ஒரு தளம், அதுல கட்டில். போட்டோக்கு சூப்பர். ஆனா அந்தப் பரண்ல சுவரு கிடையாது, கைப்பிடிக் கம்பி மட்டும், கீழ யாரு குறட்டை விட்டாலும் மேல கேக்கும், தவழுற குழந்தை இருந்தா எடுக்கவே எடுக்காதீங்க. படிக்கு கேட் இருக்கான்னு கேட்டா சில ஓனருங்க மாட்டி வைப்பாங்க.

இடத்தக் கண்டுபிடிக்குறது கஷ்டமா?

முதல் தடவை கஷ்டம் தான். கிராமத்துல ஒரே போஸ்ட்கோட் ஒண்ணு ரெண்டு மைல் வரைக்கும் பரவியிருக்கும், கார்ல வழி சொல்ற சாட்நாவ் நேரா கொண்டு போய் வேற யாரோ பண்ணை வாசல்ல நிறுத்திட்டு வந்தாச்சுன்னு சொல்லும். ஓனர் அனுப்புற வழியை, அதாவது சிவப்பு போஸ்ட் பாக்ஸ் தாண்டி இடது, கேட்டில் கிரிட் (மாடு தாண்டாம இருக்க ரோட்டுல பதிச்ச கம்பி) தாண்டி ரெண்டாவது கேட்டுன்னு எழுதியிருப்பாங்கல்ல, அதை பிரிண்ட் எடுத்துக்கங்க இல்ல ஸ்கிரீன்ஷாட், ஏன்னா கடைசி ரெண்டு மைலுக்கு சிக்னல் போயிடும். செக்கின் பெரும்பாலும் 4 மணி. டிசம்பர்ல வடக்குப் பக்கம் 4 மணிக்கு முன்னாடியே சூரியன் போயிடும், அப்புறம் தெரு விளக்கும் கிடையாது. நாங்க ஒரு டிசம்பர்ல ஆறு மணிக்குப் போய், சாவி வச்சிருக்குற பொட்டியோட நம்பர் பூட்ட போன் டார்ச்ல தேடி, அது தண்ணி பேரலுக்குப் பின்னாடி இருக்குன்னு கண்டுபிடிக்குறதுக்குள்ள பிள்ளைங்க கார்ல ஒரு ரவுண்டு சண்டை போட்டு சமாதானமும் ஆயிட்டாங்க.

ஒரு கார் மட்டும் போற ரோடு வரும். வெள்ளை வட்டத்துல கறுப்புக் கோடு போட்ட போர்டு பாத்தா அங்க 60 மைல் வரைக்கும் லீகல், அதுக்காக 60ல போங்கன்னு அர்த்தம் இல்ல, வளைவு தாண்டி டிராக்டர் நிக்கும். எதிர்ல வண்டி வந்தா யாருக்கு பாஸிங் பிளேஸ் (வண்டி ஒதுங்குற இடம்) பக்கமோ அவங்க தான் ரிவர்ஸ் எடுக்கணும். ரிவர்ஸ் வராதவங்க அதை வீட்டுப் பக்கம் பழகிட்டுக் கிளம்புங்க, தமாஷுக்கு சொல்லல.

சாமான் எல்லாம் அங்கயே வாங்கிக்கலாமா?

ஞாயித்துக்கிழமை போறீங்கன்னா மாட்டிக்குவீங்க. இங்கிலாந்துல 1994 சட்டப்படி பெரிய கடைங்க ஞாயித்துக்கிழமை ஆறு மணி நேரம் தான் திறக்கலாம், 4 மணி 5 மணிக்கெல்லாம் ஷட்டர் போட்டுடுவாங்க. கிராமத்துக் கடை இருந்தா பால், முட்டை, பிரெட் கிடைக்கும், பச்ச மிளகாய்க்கும் கறிவேப்பிலைக்கும் அங்க வழி இல்ல. சூப்பர்மார்க்கெட் டெலிவரியை நேரா பார்ன் அட்ரஸுக்கே போடலாம், ஆனா அந்த போஸ்ட்கோடுக்கு வருவாங்களான்னு முன்னாடியே பாருங்க, ஸ்லாட்ட ரெண்டு வாரம் முன்னாடியே பிடிங்க, செக்கின் நேரத்துக்கு ஒரு மணி நேரம் கழிச்சுப் போடுங்க. நம்ம சாமான் மட்டும் கையோட கொண்டு போயிடணும், அரிசி, பருப்பு, புளி, அஞ்சறைப் பெட்டி, காபித் தூள். மாவு கொண்டு போறவங்க பாதி டப்பாக்கு மேல ஊத்தாதீங்க, கார் ஹீட்டர்ல நாலு மணி நேரத்துல பொங்கி டிக்கி எல்லாம் மாவு, எங்க கார்ல இன்னும் அந்த வாசனை இருக்கு.

குக்கர், தோசைக்கல் கொண்டு போகணுமா?

ஆமா, ஆனா முதல்ல அடுப்பு என்னன்னு கேளுங்க. கிராமத்துல நிறைய இடத்துல கேஸ் லைன் கிடையாது, அதனால இண்டக்‌ஷன் இல்ல கரண்ட் ஹாப் (மேடையில பதிச்ச அடுப்பு). இண்டக்‌ஷன்ல அலுமினிய குக்கர் வேலை செய்யாது. ஃபிரிட்ஜ்ல ஒட்டுற காந்தத்த எடுத்துப் பாத்திரத்து அடில வைங்க, நல்லா ஒட்டினா கொண்டு போங்க, ஒட்டலைன்னா வீட்லயே விட்டுடுங்க. இரும்பு தோசைக்கல் ஒட்டும், ஆனா கண்ணாடி ஹாப் மேல அதை இழுக்காதீங்க, கீறல் விழுந்தா டெபாசிட் போச்சு. பழைய பண்ணை வீடுன்னா ஆகான்னு ஒரு பெரிய வார்ப்பிரும்பு அடுப்பு இருக்கலாம், பழைய டைப்புன்னா எப்பவும் சூடாவே இருக்கும், தீயைக் கூட்டிக் குறைக்க திருகே கிடையாது, பாத்திரத்தத் தான் சூடு பிளேட்டுக்கும் மெதுவான பிளேட்டுக்கும் மாத்தி மாத்தி வைக்கணும். அதோட மெதுவான ஓவன்ல ராத்திரி பால் பாத்திரத்த வச்சுட்டுப் படுத்தா காலைல பால்கோவா பக்கத்துல வந்திருக்கும்.

தாளிச்சா புகை அலாரம் அடிக்குமா?

அடிக்கும். கிச்சனும் ஹாலும் ஒண்ணா இருக்குறதால வத்தல் மிளகாய எண்ணெயில போட்ட பத்தாவது செகண்டு அடிக்கும், அதுவும் அந்தக் கூரை உயரத்துல இருக்குற அலாரத்த துண்டு வீசி நிறுத்தவும் முடியாது. தாளிக்குறதுக்கு முன்னாடி ஃபேனைப் போடுங்க, ஜன்னலைத் திறங்க, பாத்திரத்து மூடியை கையிலயே வச்சிருங்க. அலாரத்தக் கழட்டுறது மட்டும் வேண்டவே வேண்டாம், விறகு அடுப்பு இருக்குற வீடு, பக்கத்துல இருக்குற கார்பன் மோனாக்சைடு அலாரத்தத் தொடவே கூடாது.

மஞ்சள் பத்தி ஒரு வார்த்தை. வெள்ளைக் கல்லு மேடை, வெள்ளை சோபான்னு அழகா வச்சிருப்பாங்க, நம்ம ஒரு ஸ்பூன் சாம்பார் போதும். போன உடனே மேடை மேல பழைய நியூஸ்பேப்பர் விரிச்சுட்டுத் தான் நான் டப்பாவே திறப்பேன். கட்டிங் போர்டு மஞ்சளாயிடுச்சுன்னா நல்லாக் கழுவி வெயில்ல வைங்க, மஞ்சள் கறை வெயில்ல வெளுத்துடும். வெயில் வந்தா.

குளிருமா?

முதல் நாள் குளிரும். சுவரு ரெண்டடி கனத்துல கல்லு, கூரை எங்கயோ இருக்கு, சூடு எல்லாம் மேல ஏறிடும். கீழ தரைக்கடியில ஹீட்டிங் இருந்தா அது சூடாக பல மணி நேரம் எடுக்கும், குளிருதுன்னு தெர்மோஸ்டாட்ட 30க்கு ஏத்தி வச்சா உடனே ஒண்ணும் நடக்காது, நடு ராத்திரி எல்லாரும் வேர்த்து எழுந்திரிப்பீங்க. 20ல வச்சுட்டு விட்டுடுங்க. உடனே சூடு வேணும்னா விறகு அடுப்பு. கீழ பேப்பர், மேல குச்சி, அதுக்கு மேல சின்ன விறகு ஒண்ணு ரெண்டு, காத்து வர்ற திருகை முழுசாத் திறந்து பத்த வச்சு, நல்லாப் பிடிச்சப்புறம் பாதியா மூடணும். ஈர விறகு போட்டா புகை தான் வரும், கண்ணாடி கறுத்துடும். இங்கிலாந்துல 2021 மே மாசத்துல இருந்து சின்ன கட்டா விக்குற விறகுல ஈரம் 20 சதவீதத்துக்குள்ள இருக்கணும்னு சட்டம், அதுக்கு ரெடி டு பர்ன்னு முத்திரை இருக்கும், அது பாத்து வாங்குங்க. வெளிய கிடக்குற குச்சியைப் பொறுக்கி எரிக்காதீங்க. சாம்பலை பிளாஸ்டிக் தொட்டில கொட்டவே கொட்டாதீங்க, மறுநாளும் உள்ள கங்கு இருக்கும்.

டாய்லெட்ல ஏதோ போர்டு எழுதி ஒட்டியிருக்காங்களே?

செப்டிக் டேங்க். வெட் வைப்ஸ், நாப்கின், எண்ணெய், நிறைய பிளீச், எதுவும் உள்ள போகக் கூடாது. பொரிச்ச எண்ணெயை ஆற வச்சு பாட்டில்ல ஊத்தி குப்பையில போடுங்க.

எலக்ட்ரிக் கார் சார்ஜ் பண்ணலாமா?

கேக்காம ஜன்னல் வழியா வயர் விடாதீங்க. சாதாரண மூணு பின் பிளக்ல சுமார் 2.3 கிலோவாட் தான் ஏறும், ராத்திரி முழுக்க ஓடணும், பழைய வயரிங் சூடாகும். தனி சார்ஜர் இருந்தா அதுக்குத் தனிக் காசு கேப்பாங்க, அது நியாயம்.

வெளிய எங்க வேணா நடக்கலாமா?

எங்க வேணாலும் இல்ல, ஆனா நம்ம நினைக்குறத விட நிறைய இடத்துல. வயல் யாரோடதா இருந்தாலும் அது நடுவுல போற பப்ளிக் ஃபுட்பாத்ல நடக்க எல்லாருக்கும் உரிமை, மஞ்சள் அம்புக்குறி பாத்துப் போங்க. நீல அம்புன்னா குதிரையும் சைக்கிளும் வரும். கேட்டு மூடியிருந்தா மூடிட்டுப் போங்க, திறந்திருந்தா திறந்தே விடுங்க, பண்ணைக்காரர் ஏதோ காரணமா தான் வச்சிருப்பாரு. கன்னுக்குட்டியோட மாடு நின்னா சுத்திப் போங்க, நம்ம ஊர் மாடு மாதிரி தட்டிக் குடுத்துட்டுப் போகலாம்னு நினைக்காதீங்க. நாய் கூட்டிட்டுப் போறவங்க, மூர்லாண்ட் (புதர் மண்டின மேட்டு நிலம்) மாதிரி திறந்த வெளில மார்ச் 1ல இருந்து ஜூலை 31 வரைக்கும் கட்டாயம் சின்னக் கயிறுல பிடிச்சிருக்கணும், ஆடு மாடு பக்கத்துல இருந்தா வருஷம் பூரா. மாடு துரத்தினா மட்டும் நாயை விட்டுடுங்க, அது ஓடித் தப்பிச்சுக்கும். பேப்பர் மேப் ஒண்ணு வாங்குங்க, ஆர்டனன்ஸ் சர்வே எக்ஸ்ப்ளோரர், 1:25,000, அதுல வயல் வேலி கூடத் தெரியும்.

பூச்சி, வாசனை, சத்தம் எல்லாம் எப்படி?

சிலந்தி இருக்கும். இலையுதிர் காலத்துல ஜன்னல்ல ஈ கூட்டமா வந்து உக்காரும், அது அழுக்கால இல்ல, குளிருக்கு ஒதுங்க வருது. கூரையில வௌவால் இருந்தா தொந்தரவு பண்ணக் கூடாது, 1981 சட்டப்படி பாதுகாப்பு. வசந்த காலத்துல வயலுக்கு சாணி எரு அடிப்பாங்க, ரெண்டு நாள் நாத்தம், அறுப்பு சமயத்துல ராத்திரி பத்து பதினொரு மணிக்கும் டிராக்டர் ஓடும். ரிவ்யூல இதுக்கெல்லாம் ஒரு ஸ்டார் போடுற ஆளுங்களப் பாத்தா எனக்குக் கோவம் தான் வரும், அது பண்ணைங்க, செட்டு போட்டு வச்சது இல்ல.

போன் சிக்னல் இல்லாம ஏதாவது ஆத்திர அவசரம்னா?

வைஃபை காலிங்க, அதாவது சிக்னல் இல்லாம வைஃபை வழியா போன் பேசுற வசதியை, வீட்லயே ஆன் பண்ணிட்டுக் கிளம்புங்க. உங்க நெட்வொர்க் இல்லன்னாலும் வேற எந்த நெட்வொர்க் இருந்தாலும் இங்கத்து அவசர நம்பர் 999 போகும். மலையில மாட்டிக்கிட்டா 999 அடிச்சு போலீஸ் கேட்டு அப்புறம் மவுண்டன் ரெஸ்க்யூன்னு சொல்லணும், நிறைய பேருக்கு இது தெரியாது. அவசரம் இல்லாத காய்ச்சல் இருமலுக்கு 111ங்குற மருத்துவ உதவி நம்பர். பார்ன்ல ஒரு ஃபோல்டர் இருக்கும், முதல் பக்கத்துல முழு அட்ரஸ் இருக்கும், போன உடனே அந்தப் பக்கத்தப் போட்டோ எடுத்து எல்லாருக்கும் அனுப்பிடுங்க, நமக்கே எங்க இருக்கோம்னு சொல்லத் தெரியலைன்னா ஆம்புலன்ஸ் எங்க வரும்.

கிளம்புற அன்னிக்கு எவ்ளோ சுத்தம் பண்ணணும்?

10 மணிக்குள்ள காலி பண்ணணும், அடுத்த ஆளுங்க 4 மணிக்கு வந்துடுவாங்க, நடுவுல ஒரே ஒரு அம்மா தனியா வந்து மொத்த வீட்டையும் துடைப்பாங்க. பாத்திரம் கழுவி வச்சு, ஃபிரிட்ஜ் காலி பண்ணி, குப்பையப் பிரிச்சுப் போட்டு, பெட்ஷீட்ட உருவி ஓரமா வச்சா போதும். ஓவன், ஹாப் மட்டும் முதல் நாள் ராத்திரியே துடைச்சுடுங்க. ஒரு இடத்துல நாங்க விட்டுட்டு வந்த மசாலா வாசனைக்குத் தனியா கிளீனிங் காசு கேட்டாங்க, வாதாடிப் பாத்தோம், பாதி தான் திரும்பி வந்துச்சு. அதுல இருந்து கடைசி நாள் காலைல எங்க வீட்ல பிரெட் டோஸ்ட் தான், ஜன்னல் எல்லாம் திறந்து வச்சுட்டு ஸ்வெட்டரோட உக்காந்து சாப்பிடுவோம்.